‘இளைச்சுட்டீங்களே!’

எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் கதவுக்குப் பின்னால் ஓர் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில் அதன் முன் நின்று புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த வேதியியல் துறை அக்கா, "என்னங்க, இப்படி இளைச்சுட்டீங்களே! என்ன பண்ணுனீங்க, எங்களுக்கும் சொல்லுங்க" என்றார். அடுத்த பத்து நிமிடங்களில் நான்கு பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். பதினைந்து ஆண்டுகளாகப் பொருளியல் கற்பிக்கிறேன். முனைவர் பட்டம் வாங்கியபோதுகூட அந்த அறையில் எனக்கு அவ்வளவு பாராட்டு கிடைத்ததில்லை. அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை என்பதை வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன்.

என்ன பண்ணினேன்? சாப்பிடவில்லை, அவ்வளவுதான். அதற்கு ஓர் அட்டவணை இருந்தது. வீட்டுக்குப் பக்கத்து ஜிம்மில் பயிற்சியாளர் பணம் வாங்கிக்கொண்டு வாட்ஸப்பில் அனுப்பியது. காலையில் ஓட்ஸ் கஞ்சி, பதினொரு மணிக்கு ஒரு வெள்ளரிக்காய், மதியம் ஒரு சப்பாத்தியும் வேகவைத்த காய்கறியும், மாலையில் சர்க்கரை போடாத க்ரீன் டீ, இரவில் சூப். ஒரு நாளைக்கு 1,200 கலோரி என்று மேலே எழுதியிருந்தது. பன்னிரண்டு வாரங்களில் பதினொரு கிலோ குறைந்தேன். எனக்குச் சர்க்கரை நோயோ மூட்டு வலியோ கிடையாது. எந்த மருத்துவரும் எடையைக் குறைக்கச் சொல்லவில்லை. தம்பியின் கல்யாண ஆல்பத்தில் என் கை எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்த்தேன். அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

நான்காவது மாதம் முடி கொட்டத் தொடங்கியது. முதலில் சீப்பில். பிறகு தலையணையில், குளியலறைச் சல்லடையில், சாம்பாரில். தலைக்குக் குளிக்கவே பயமாக இருந்தது; விரல்களை விட்டு எடுத்தால் கொத்தாகக் கையோடு வந்தது. நெற்றிக்கு இரு பக்கமும் தோல் தெரிய ஆரம்பித்தது. ஷாம்பூவை மாற்றினேன். கோயம்புத்தூர் தண்ணீரைக் குறை சொன்னேன், அதுவும் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் இருந்துகொண்டு. நான்கு பாட்டில் எண்ணெய் வாங்கினேன். டயட்டை மட்டும் சந்தேகப்படவே இல்லை. அது முடிந்துபோய் ஒரு மாதம் ஆகியிருந்ததே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவர், முறத்தில் சேர்ந்த முடியைக் கையில் எடுத்து விரலில் சுற்றினார். சுற்றிக்கொண்டே, "எனக்கும் இப்படித்தான் கண்ணு கொட்டுச்சு, மில்லு மூடுன வருசம்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தின் பொருள் எனக்குப் பிடிபட ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

தோல் மருத்துவர் என் முடியைப் பார்க்கும் முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "மூணு மாசத்துக்கு முன்னாடி உங்களுக்கு என்ன நடந்தது? காய்ச்சல், டெங்கு, பிரசவம், அறுவை சிகிச்சை, பெரிய துக்கம், டயட்... ஏதாவது?" எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்துவிட்டு, கடைசிச் சொல்லில் நின்றேன்.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு சுழற்சியில் இருக்கிறது. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளரும். பிறகு இரண்டு மூன்று வாரங்கள் வளர்ச்சியை நிறுத்திச் சுருங்கும். அதன்பின் ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஓய்வில் இருந்து உதிரும். அந்த இடத்தில் புதியது முளைக்கும். சாதாரணமாகப் பத்தில் ஒன்பது முடி வளரும் கட்டத்தில் இருக்கும். அதனால்தான் நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்ந்தாலும் நாம் கவனிப்பதில்லை. உணவு திடீரென்று குறையும்போது உடல் செலவைக் கட்டுப்படுத்துகிறது. இதயம், மூளை, கல்லீரல் ஆகியவற்றுக்குப் போவதைக் குறைக்க முடியாது. முடியின் வேரில் இருக்கும் செல்களோ உடலிலேயே மிக வேகமாகப் பெருகுபவை. அவற்றுக்குப் புரதமும் இரும்புச்சத்தும் நிறைய வேண்டும். அவை இல்லாமலும் உயிர் வாழலாம். எனவே வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும் பங்கை உடல் ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து அவை எல்லாம் சேர்ந்து உதிர்கின்றன. இதற்கு டெலோஜன் எஃப்ளுவியம் என்று பெயர். காரணம் நீங்கினால் பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் கொட்டுவது நின்றுவிடும். பழைய அடர்த்தி திரும்ப ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். தைராய்டு, ரத்தசோகை, பிசிஓஎஸ், பரம்பரை என்று முடி கொட்ட வேறு காரணங்களும் உண்டு என்பதால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். எனக்கு ஃபெரிட்டின் மிகக் குறைவாக இருந்தது. எண்ணெய் பாட்டில்களைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டு, "முட்டை சாப்பிடுங்க, பருப்பு சாப்பிடுங்க" என்றார்.

இதில் என்னை விடாமல் துரத்தியது அந்த மூன்று மாத இடைவெளிதான். ஒரு பொருளின் விலையை வாங்கும்போதே சொல்லிவிட்டால் வாங்குபவர் யோசிப்பார். மூன்று மாதம் கழித்து, வேறொரு பெயரில் பில் வந்தால்? பாராட்டு எடை குறையும்போதே வந்துவிடுகிறது. முடி உதிரும்போது பாராட்டியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. இரண்டையும் இணைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை, நமக்கும்தான். அக்காக்களுக்கு என் அட்டவணையை ஃபார்வர்ட் செய்த நாளில் என் முடி கொட்டத் தொடங்கியிருக்கவில்லை. நான் பொய் சொல்லவில்லை. பாதி உண்மை எனக்கே அப்போது வந்துசேரவில்லை.

சரி, யார் என்னைக் கட்டாயப்படுத்தினார்கள்? ஒருவரும் இல்லை. நானாக விரும்பினேன், நானாகப் பணம் கட்டினேன், நானாகப் பட்டினி கிடந்தேன். ‘என் உடல், என் உரிமை’ என்று வகுப்பில் பேசுபவள்தான் நான். அப்படியானால் எனக்கு யாராவது அநீதி இழைத்தார்கள் என்று சொல்ல முடியுமா? நான் கொடுத்த சம்மதம் எப்படிப்பட்ட சம்மதம்?

இந்தக் கேள்வியோடு படிக்கத் தொடங்கியபோது இரண்டு கட்டடங்களுக்குப் போய்ச் சேர்ந்தேன். முதலாவது ஒரு சிறை. டெலோஜன் எஃப்ளுவியம் என்ற நிலையை 1961இல் விவரித்துப் பெயரிட்டவர் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர். அதே கிளிக்மன்தான் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1950களின் தொடக்கத்திலிருந்து 1974 வரை கைதிகளின் தோலில் பரிசோதனைகள் நடத்தியவர். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஜாமீன் தொகை கட்ட வழியில்லாமல் விசாரணைக்குக் காத்திருந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்குச் சிறு தொகை கொடுக்கப்பட்டது. அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வேறு எந்த வழியிலும் பணம் கிடைக்காத ஓர் இடத்தில், தன் முதுகில் என்ன பூசுகிறார்கள் என்றும் தெரியாத ஒருவர் சொல்லும் ‘சரி’யைச் சம்மதம் என்று இன்று யாரும் ஏற்பதில்லை.

இரண்டாவது கட்டடம் ஒரு பல்கலைக்கழக விளையாட்டரங்கம். 1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் பட்டினியைப் பற்றி ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரால் பசித்துக் கிடக்கும் ஐரோப்பியர்களுக்கு எப்படி மறுபடி உணவளிப்பது என்று கண்டறிவது நோக்கம். 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். போரில் ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் கொடுக்காது என்று மறுத்தவர்கள் அவர்கள். ஆனால் ஏதாவது ஒரு வகையில் உதவ விரும்பினார்கள். 24 வாரங்கள் அவர்களுக்குப் பாதிப் பட்டினி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. அவர்கள் எடையில் கால் பங்கு குறைந்தது. எப்போதும் குளிர்ந்தது, தலை சுற்றியது, எரிச்சல் வந்தது, சோற்றைத் தவிர வேறு நினைப்பில்லை. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். முடியும் உதிர்ந்தது.

அந்தப் பட்டினிக் காலத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. இந்த எண்ணைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கு வாட்ஸப்பில் வந்தது 1,200. அவர்கள் ஆண்கள், உயரமானவர்கள், வாரத்துக்கு 22 மைல் நடக்க வேண்டியிருந்தவர்கள் என்பது உண்மைதான். எனவே இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் உடலுழைப்பு குறைந்த ஓர் இந்தியப் பெண்ணுக்கே நாளொன்றுக்கு 1,660 கலோரி தேவை என்று 2020இல் ஐசிஎம்ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் கணக்கிட்டிருக்கின்றன. 55 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 46 கிராம் புரதமும் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். என் ஓட்ஸும் வெள்ளரிக்காயும் சூப்பும் அதில் பாதியைக்கூடத் தொட்டிருக்காது.

எண்களைவிட என்னை யோசிக்க வைத்தது அந்த 36 பேரின் சம்மதம். அவர்களிடம் நான்கு விஷயங்கள் இருந்தன. உடலுக்குத் தீங்கு வரும் என்று முதலிலேயே சொல்லப்பட்டது. தங்களைத் தாண்டிய ஒரு நோக்கம் இருந்தது. பக்கத்தில் மருத்துவர்கள் இருந்தார்கள். பட்டினி முடியும் தேதி நாள்காட்டியில் குறிக்கப்பட்டிருந்தது. அதன்பின் சோறு போடுவதும் ஆய்வின் பகுதியாகவே இருந்தது. அப்படியும் அவர்கள் பட்ட பாட்டைப் படித்தால் இன்று எந்த ஆய்வுக் குழுவும் இதற்கு அனுமதி தராது என்று தோன்றுகிறது.

என்னிடம் இந்த நான்கில் எது இருந்தது? தீங்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நோக்கம் ஆல்பத்தில் ஒரு கை. மருத்துவர் இல்லை. முடியும் தேதியா? 1,200 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 1918இல் லுலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற கலிபோர்னியப் பெண் மருத்துவர் எழுதிய டயட் புத்தகம் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்றது. ரொட்டியைத் துண்டுகளில் எண்ணாமல் கலோரியில் எண்ணக் கற்றுக்கொடுத்த புத்தகம் அது. எடை குறைக்க அவர் சொன்ன அளவு 1,200. இந்தக் கட்டுப்பாட்டை வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடிக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். ஆண்களுக்கு 24 வாரங்கள், பெண்களுக்கு ஆயுள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் சூத்திரம் 19ஆம் நூற்றாண்டிலேயே பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்டலே கண்டது. அதற்கு ‘பிஎம்ஐ’ என்ற இன்றைய பெயரை 1972இல் வைத்தவர் அதே ஆன்சல் கீஸ். கூட்டத்தை ஆராயப் பயன்படும் அளவுகோல் அது, தனி ஒருவரை எடைபோட அல்ல என்பது அவர் கருத்து. ஜிம்மில் என்னை முதல் நாள் நிறுத்தி அளந்தது அந்தக் கோலால்தான்.

ஆகவே என் சம்மதம் கைதியின் சம்மதம் அல்ல. என்னை யாரும் பூட்டி வைக்கவில்லை. மின்னசோட்டா இளைஞர்களின் சம்மதமும் அல்ல. விலை தெரியாமல் கொடுத்த சம்மதம் அது. அதை ‘என் தேர்வு’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை, ‘என்னை ஏமாற்றிவிட்டார்கள்’ என்று முழுதாக ஒதுங்கிக்கொள்ளவும் முடியவில்லை.

இந்த இடத்தில்தான் அம்மாவின் வாக்கியம் திரும்பி வந்தது. ‘மில்லு மூடுன வருசம்.’

அப்பா வேலை பார்த்த நூற்பாலை மூடப்பட்டபோது நான் ஏழாம் வகுப்பு. அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவர் பின்னல் என் மணிக்கட்டு கனம் இருக்கும். அந்த வருடம் வீட்டில் சமைத்த சோறு அப்பாவுக்கும் எனக்கும் தம்பிக்கும் சரியாக இருக்கும். "நீ உண்டியாம்மா?" என்று கேட்டால், "ஆச்சு" என்பார். செவ்வாய், வெள்ளி விரதம் அந்த வருடம்தான் தொடங்கியது. சஷ்டி, கிருத்திகை எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அம்மா பக்தி கூடிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். உதிர்ந்த முடியைச் சுருட்டி ஓட்டு இடுக்கில் செருகி வைப்பார். தெருவில் முடி வாங்குபவர் வந்தபோது அதை எல்லாம் எடுத்துக் கொடுத்து ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினார். அந்த டம்ளர் இன்னும் வீட்டில் இருக்கிறது.

"எதுக்கு இப்படிக் கொட்டுதுன்னு யாருகிட்டயாவது காட்டுனியாம்மா?" என்று இப்போது கேட்டேன்.

"யாரு கேட்டா கண்ணு? பொம்பளைக்கு முடி கொட்டறது ஒரு சங்கதியா?"

அம்மாவுக்கு நடந்ததும் எனக்கு நடந்ததும் உடலின் கண்ணுக்கு ஒன்றுதான். உடலுக்கு விரதம், வறுமை, தியாகம், டயட் என்ற சொற்கள் எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது சோறு வரவில்லை என்பது மட்டும். சொற்கள் வெளியே இருப்பவர்களுக்கு. அம்மா பட்டினி கிடந்தபோது அதற்கு ‘குடும்பப் பெண்’ என்று பெயர். நான் பட்டினி கிடந்தபோது ‘என்ன ஒரு மனக்கட்டுப்பாடு!’. இரண்டுமே பாராட்டு. ஒரு பெண் குறைவாகச் சாப்பிடும்போது நம் சமூகம் அவளை ஏதோ ஒரு பெயரில் பாராட்டிவிடுகிறது. அவள் நன்றாகச் சாப்பிட்டதற்காக யாராவது பாராட்டி நான் கேட்டதில்லை, கர்ப்பமாக இருக்கும்போது தவிர. அப்போதும் பாராட்டு வயிற்றில் இருப்பவருக்கு.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று, 2019–21. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். இரண்டையும் கூட்டினால் பாதிக்குப் பாதி என்று பிரித்துவிட முடியாது. ஒரே பெண்ணே இரண்டு கணக்கிலும் இருக்கலாம். சோறு மட்டும் நிறைய, முட்டையும் பருப்பும் கீரையும் மிச்சம் இருந்தால் என்ற தட்டு அது. அப்படி ஏற்கெனவே இரும்பு குறைந்த உடலைத்தான் நாம் ஜிம் அட்டவணைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

எடை குறைப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சர்க்கரை நோய்க்கும் மூட்டுக்கும் இதயத்துக்கும் எடையைக் குறைப்பது பலருக்கு நிஜமான மருத்துவம். அதை மெதுவாக, புரதம் குறையாமல், ரத்தத்தைச் சோதித்து, கேள்வி கேட்க ஒரு மருத்துவர் இருக்கச் செய்யலாம். 2025இல் எடை குறைப்பு ஊசிகளும் இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டன. வெகோவி ஊசியின் ஆய்வுகளில் மருந்து போட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கும், வெற்று ஊசி போட்டவர்களில் 1 சதவீதம் பேருக்கும் முடி உதிர்ந்ததாக அதன் மருந்துக் குறிப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஆபத்து சிறியதுதான். ஆனால் விலை எழுதப்பட்டிருக்கிறது. படித்துவிட்டு ஒருவர் முடிவு செய்யலாம். என் வாட்ஸப் அட்டவணையில் அந்த ஒரு வரிகூட இல்லை.

‘முடிதானே! பெண்ணியவாதி முடிக்காக அழலாமா?’ என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும் என்று பெரியார் பேசி நூறாண்டு நெருங்குகிறது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியன் சபையில் சிவனும் நக்கீரரும் மோதிக்கொண்ட கதை நமக்கெல்லாம் தெரியும். நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்று நின்ற புலவரின் வீரத்தை ஆண்டாண்டாகக் கொண்டாடுகிறோம். அந்த விவாதத்தில் கூந்தல் உள்ள ஒருத்தியைக்கூட யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. விதவையின் முடியை மழித்ததும் ஊர்தான், சுமங்கலியின் முடியில் பூ வைத்ததும் ஊர்தான். இதெல்லாம் தெரிந்தும் நான் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த அழுகை அழகுக்காகவா? ஒரு பகுதி ஆமாம். ஆனால் நானே போய்ப் பார்பரிடம் வெட்டிக்கொண்டிருந்தால் அழுதிருக்க மாட்டேன். பழனிக்கு நேர்ந்து மொட்டை அடித்துக்கொள்ளும் பெண்கள் அழுவதில்லை. கொடுப்பதற்கும் உதிர்வதற்கும் வேறுபாடு இருக்கிறது. உதிர்ந்த முடியில் நான் பார்த்தது, பன்னிரண்டு வாரங்கள் என் உடல் என்னிடம் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தது, நான் காது கொடுக்கவில்லை என்பதை. தலைசுற்றியபோது தண்ணீர் குடித்தேன். குளிர்ந்தபோது மின்விசிறியை நிறுத்தினேன். பசித்தபோது அதை வெற்றி என்று எண்ணினேன். அந்த உடலோ இருந்த கொஞ்சத்தை வைத்து இதயத்துக்கும் மூளைக்கும் பார்த்துப் பார்த்துக் கொடுத்து, முடியிடம் மட்டும் ‘நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்’ என்று சொல்லியிருக்கிறது. அம்மா அந்த வருடம் தட்டுகளை நிரப்பிய அதே கணக்கு. உடல் என் எதிரி, அடக்கி ஆள வேண்டியது என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அது எனக்கு விசுவாசமாக இருந்திருக்கிறது. நான் அதற்கு அப்படி இருக்கவில்லை.

கட்டுரை இங்கே முடிந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பாதிக்கப்பட்டவளாக மட்டும் இருப்பது சுலபம்.

என் முடி கொட்டி ஒரு வருடம் கழித்து, இதெல்லாம் படித்து முடித்த பிறகு, ஒரு நாள் வராந்தாவில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எதிரே வந்தாள். விடுமுறைக்குப் பிறகு அவளை அன்றுதான் பார்க்கிறேன். என் வாயிலிருந்து தானாக வந்தது: "என்னடா, இப்படி இளைச்சுட்டே! சூப்பரா இருக்கே!" அவள் முகம் மலர்ந்தது. நான் வகுப்புக்குப் போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் விடுதி அறைத் தோழி வந்து சொன்னாள். காலையில் சாப்பிடுவதில்லை, இரவில் ஓர் ஆப்பிள், இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள், குளியலறை வடிகால் அடைக்கும் அளவுக்கு முடி. அன்று மாலை அவளை அழைத்து உட்கார வைத்தேன். எனக்கு நடந்ததைச் சொன்னேன். மருத்துவரிடம் போக வேண்டும் என்றேன். கடைசியில், "அன்னைக்கு வராந்தாவில அப்படிச் சொன்னது என் தப்பு" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேம், அன்னைக்கோட நிறுத்திடலாம்னு இருந்தேன். நீங்க சொன்னதும் இன்னும் ரெண்டு கிலோ குறைக்கலாம்னு தோணுச்சு" என்றாள்.

பொருளியலில் புறவிளைவு என்று ஒன்று சொல்லிக்கொடுப்போம். ஆலைக்காரர் துணிக்குச் சாயம் ஏற்றுகிறார், லாபம் அவருக்கு. நொய்யலில் தண்ணீர் கெடுவது கீழே விவசாயம் பார்ப்பவருக்கு. அந்தச் செலவு அவர் கணக்குப் புத்தகத்தில் ஏறாது. என் பாராட்டும் அப்படித்தான் இருந்தது. எனக்குச் செலவில்லை, நல்லவள் என்ற பெயரும் கிடைத்தது. அதன் விலையை ஒரு பத்தொன்பது வயதுப் பெண் தன் தலையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

பாராட்டுவது ஒரு செயல், அதற்குப் பொறுப்பு உண்டு என்பதே என் முடிவு. தெரியாமல் செய்தபோது என் பொறுப்பு குறைவு. வேதியியல் துறை அக்காவை நான் குறைசொல்ல மாட்டேன், அவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் வராந்தாவில் வாய் திறந்த எனக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒருவர் இளைத்திருந்தால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நோய் இருக்கலாம், துக்கம் இருக்கலாம், கையில் காசு இல்லாமல் இருக்கலாம், பட்டினி இருக்கலாம். தெரியாத ஒன்றைக் கொண்டாடும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது?

அந்தப் பெண் மருத்துவரிடம் போனாள், இரும்பு மாத்திரை எடுத்துக்கொள்கிறாள். விடுதியில் காலையில் சாப்பிடுகிறாளா என்று நான் கேட்பேன். "ஆச்சு மேம்" என்பாள். அந்த ‘ஆச்சு’வை நான் நம்புவதா வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். அம்மா சொன்ன ‘ஆச்சு’ காதில் இருக்கிறது.

எனக்கு ஏழு கிலோ திரும்ப ஏறிவிட்டது. முன்நெற்றியில் விரல் நீளத்துக்குப் புது முடி முளைத்துச் சீப்புக்கு அடங்காமல் நிற்கிறது. ஆசிரியர் அறையில் இப்போது யாரும் என் உடலைப் பற்றிப் பேசுவதில்லை. சில நாட்களில் அந்தத் திங்கட்கிழமை எனக்கு வேண்டும் என்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைக்கிறேன். முதலில் அவருக்குப் பரிமாறிவிட்டு, அவர் சாப்பிடத் தொடங்கும் வரை எதிரே உட்கார்ந்திருக்கிறேன். "என்ன கண்ணு, பக்கத்துல உக்காந்து காவல் காக்கறே?" என்று அம்மா கேட்கிறார். ஆனாலும் இரண்டாவது முட்டையை வேண்டாம் என்று சொல்வதில்லை.